ஓயாத விசில்

லண்டன் மருத்துவமனையின் ஆய்வகத்தில் ஜெனிஃபர் ஹார்வி எதிர்பார்த்துக் காத்திருந்தது ரத்தப் புற்றுநோயை. சுண்டெலிகளுக்கு அந்த நோயைத் தரும் வைரஸை எலிகளுக்குள் வளர்த்து, அந்த எலிகளின் ரத்த நீரை எடுத்து, புதிதாகப் பிறந்த சுண்டெலிக் குட்டிகளுக்கு ஊசி போட்டிருந்தார். குட்டிகளின் உடலில் கிளம்பியவையோ கெட்டியான கட்டிகள். அதுவும் மளமளவென்று. 1964-ல் ‘நேச்சர்’ இதழில் அவர் எழுதிய குறிப்பின் தலைப்பிலேயே, ‘அடையாளம் தெரியாத வைரஸ்’ என்றுதான் இருந்தது. வந்திருப்பது என்னவென்று அவருக்குத் தெரியவில்லை. தெரியவில்லை என்பதை மறைக்காமல் எழுதினார்.

அந்தக் குட்டிகளின் உடலில் கட்டியை எழுப்பிய மரபணுவுக்கு ஓர் உடன்பிறப்பு உண்டு. பெயர் கே-ராஸ். மனிதர்களின் கணையம், பெருங்குடல், நுரையீரல் புற்றுநோய்களில் இதன் கை இருக்கிறது. கணையப் புற்றுநோய்களில் 10-ல் 9, பெருங்குடல் புற்றுநோய்களில் 10-ல் 4 என்ற அளவில் இந்த மரபணு பழுதாகியிருக்கும். அதன் புரதத்தை நேரடியாகப் பிடித்து நிறுத்தும் முதல் மாத்திரைக்கு அமெரிக்காவின் உணவு மற்றும் மருந்து நிர்வாகமான எஃப்டிஏ அனுமதி தந்த நாள் 2021 மே 28. நடுவில் ஓடியவை 57 ஆண்டுகள்.

புற்றுநோய்க்கு மருந்து கண்டுபிடித்துவிட்டார்கள் என்று மாதம் தவறாமல் வாட்ஸ்அப்பில் செய்தி வரும் காலம் இது. ஒரே ஒரு மரபணுவை எதிர்த்து ஒரே ஒரு மாத்திரை வருவதற்கு எத்தனை பேர் உழைத்தார்கள், எத்தனை முறை தோற்றார்கள், வந்த மாத்திரையும் எவ்வளவுதான் செய்கிறது என்று தெரிந்துகொண்டால், அந்தச் செய்திகளை நாம் வாசிக்கும் விதமே மாறிவிடும்.

எலி தந்த பெயர்

ஹார்விக்கு மூன்றாண்டு கழித்து, 1967-ல், சிகாகோ பல்கலைக்கழகத்தின் நோயியல் நிபுணர் வெர்னர் கிர்ஸ்டனும் இதே போன்ற ஒரு வைரஸைக் கண்டார். அவருடைய வைரஸும் எலிகளின் உடல் வழியாக வந்ததுதான். எலிக்குள் போய்விட்டு வரும் வைரஸ் ஏன் இப்படி வெறி பிடித்துத் திரும்புகிறது? 1970-களில் அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் எட்வர்ட் ஸ்கோல்னிக்கின் குழு விடையைக் கண்டது. எலியின் செல்லுக்குள் இருந்த ஒரு மரபணுவை வைரஸ் கையோடு அள்ளிக்கொண்டு வந்துவிட்டிருந்தது. கட்டியை உண்டாக்கியது அந்த எலி மரபணுதான்.

எலிக்கு ‘ரேட்’, இணைப்புத் திசுவில் வரும் புற்றுநோய்க்கு ‘சர்கோமா’. இரண்டையும் சுருக்கி ‘ராஸ்’ என்றார்கள். ஹார்வியின் வைரஸில் இருந்தது ஹெச்-ராஸ். கிர்ஸ்டனின் பெயரிலுள்ள முதல் எழுத்தோடு வந்தது கே-ராஸ். மனிதனின் 12-வது குரோமோசோமில் உட்கார்ந்திருக்கும் மரபணு இன்றும் எலியின் பெயரைத்தான் சுமக்கிறது.

1982-ல் கதை மனிதனிடம் வந்தது. எம்ஐடியில் ராபர்ட் வைன்பெர்க், தேசியப் புற்றுநோய் நிறுவனத்தில் ஸ்பெயின்காரரான மரியானோ பர்பாசிட், கோல்ட் ஸ்பிரிங் ஹார்பர் ஆய்வகத்தில் மைக்கேல் விக்லர் என மூன்று குழுக்கள் போட்டிபோட்டுக்கொண்டு ஒரே வேலையில் இறங்கியிருந்தன. மனிதச் சிறுநீர்ப்பைப் புற்றுநோய் செல்களின் டிஎன்ஏவை எடுத்து, சாதுவான சுண்டெலி செல்களுக்குள் செலுத்தினார்கள். சில செல்கள் கட்டுமீறி வளர்ந்தன. எந்தத் துண்டு அப்படிச் செய்தது என்று தேடிப் பிடித்தபோது, அது ஹெச்-ராஸாக இருந்தது. ஆரோக்கியமான மனிதனின் ஹெச்-ராஸோடு அதை எழுத்துக்கு எழுத்து ஒப்பிட்டார்கள். ஒரு குவானின் இருக்க வேண்டிய இடத்தில் தைமின் இருந்தது. அந்த ஒரே எழுத்தால், புரதத்தின் 12-வது இடத்தில் கிளைசின் என்ற அமினோ அமிலத்துக்குப் பதில் வேலின் வந்து உட்கார்ந்திருந்தது.

மனிதப் புற்றுநோய் ஒன்றின் வேரில் இருக்கும் ஒற்றை எழுத்துப் பிழையை மனிதன் முதன்முதலாகத் தொட்டுப் பார்த்தது அப்போதுதான். அதே ஆண்டில் மனித நுரையீரல் புற்றுநோய் செல்களில் கே-ராஸும் சிக்கியது. இன்னும் பத்தாண்டில் மருந்து வந்துவிடும் என்று அன்று நம்பியவர்களைக் குறை சொல்ல முடியாது. எதிரியின் பெயர், முகவரி, அங்க அடையாளம் எல்லாம் கைக்கு வந்துவிட்டதே!

கண்டக்டரும் விரலும்

டவுன் பஸ்ஸில் போய் வருபவர்களுக்குத் தெரியும். ஒரு விசில் அடித்தால் வண்டி நிற்கும். இரண்டு விசில் அடித்தால் புறப்படும். டிரைவர் திரும்பிப் பார்ப்பதில்லை. கண்டக்டரின் விசிலை நம்பித்தான் வண்டியை எடுக்கிறார். செல்லுக்குள் கே-ராஸ் புரதம் பார்க்கும் வேலையும் இதுதான். ஏறத்தாழ 190 அமினோ அமிலங்களால் ஆன சின்னஞ்சிறு புரதம் அது. செல்லைச் சுற்றியுள்ள சவ்வின் உட்புறத்தில், கொழுப்பாலான ஒரு வாலால் ஒட்டிக்கொண்டு காத்திருக்கும்.

வளரலாம் என்ற சேதியோடு வெளியிலிருந்து ஒரு புரதம் வந்து, சவ்விலுள்ள ஏற்பியில் ஒட்டுகிறது. ஏற்பி அந்தச் சேதியை உள்ளே தள்ளுகிறது. ‘சோஸ்’ என்ற புரதம் ஓடிவந்து கே-ராஸின் குழியைச் சற்றே நெகிழ்த்துகிறது. அதுவரை அங்கே இருந்த, இரண்டு பாஸ்பேட் கொண்ட குவானோசின் மூலக்கூறு நழுவிப்போக, மூன்று பாஸ்பேட் கொண்டது வந்து உட்காருகிறது. உடனே கே-ராஸின் வடிவம் மாறுகிறது. இரண்டு விசில்! ராஃப், மெக், எர்க் என்று அடுத்தடுத்த புரதங்கள் சேதியைக் கைமாற்றி உட்கருவுக்குக் கொண்டுபோகின்றன. செல் இரண்டாகப் பிரியத் தயாராகிறது. (‘சோஸ்’ என்ற பெயர் பழ ஈயிடமிருந்து வந்தது. ஈயின் கண்ணில் ஏழாவது ஒளி உணர் செல் மட்டும் ஏன் சிலவற்றில் உருவாவதில்லை என்று ஆராய்ந்தவர்கள் கண்டெடுத்த புரதம் அது. ஈயின் கண்ணை ஆராய்ந்து என்ன கிழிக்கப் போகிறார்கள் என்று கேட்பவர்களுக்கு இதைச் சொல்ல வேண்டும்.)

வண்டியை நிறுத்துவதும் கே-ராஸின் பொறுப்புதான். மூன்றாவது பாஸ்பேட்டை அதுவே வெட்டி எறிந்தால், பழைய வடிவத்துக்குத் திரும்பிவிடும். ஆனால் தனியாக விட்டால் அது மிக மெதுவாகத்தான் வெட்டும். 1987-ல் ஃபிராங்க் மெக்கார்மிக் ஓர் உதவிப் புரதத்தைக் கண்டுபிடித்தார். பெயர் ‘கேப்’. இது தன் உடலிலுள்ள அர்ஜினைன் அமினோ அமிலத்தை ஒரு விரலைப் போலக் குழிக்குள் நீட்டும். அந்த விரல் பட்டால் வெட்டும் வேகம் ஏறத்தாழ ஒரு லட்சம் மடங்கு கூடும்.

12-வது இடம் ஏன் அவ்வளவு முக்கியம் என்பது இங்கேதான் விளங்குகிறது. 20 அமினோ அமிலங்களில் மிகச் சிறியது கிளைசின். அதன் பக்கவாட்டில் ஒரே ஒரு ஹைட்ரஜன் அணுதான். அது ஒடுங்கி உட்கார்ந்திருப்பதால்தான் கேப்பின் விரல் நுழைய இடம் கிடைக்கிறது. அங்கே கிட்டத்தட்ட வேறு எந்த அமினோ அமிலம் வந்தாலும் விரலுக்கு இடமில்லை. மூன்றாவது பாஸ்பேட் வெட்டுப்படாமல் அப்படியே இருக்கும். வெளியிலிருந்து சேதி வராவிட்டாலும் கண்டக்டர் இரட்டை விசிலை ஓயாமல் ஊதிக்கொண்டே இருப்பார்.

இந்த ஒரு பிழை மட்டுமே புற்றுநோயைக் கொண்டுவந்துவிடாது. பெருங்குடலில் வழக்கமாக முதலில் பழுதாவது ஏபிசி மரபணு. சிறு பாலிப் முளைக்கிறது. பிறகு கே-ராஸ் பழுதாகிப் பாலிப் பெருக்கிறது. கடைசியில் காவல் மரபணுவான பி53 விழுகிறது. பெர்ட் வோகல்ஸ்டைன் வகுத்த இந்த வரிசை நிறைவேறப் பல ஆண்டுகள் ஆகும். பாலிப்பாக இருக்கும்போதே கொலனாஸ்கோப்பியில் பார்த்து எடுத்துவிட்டால் கதை அங்கேயே முடிந்துவிடும் என்பது அந்த ஆண்டுகள் நமக்குத் தரும் சலுகை.

புகை எழுதும் எழுத்து

கே-ராஸில் 12-வது கிளைசினுக்கான மூன்று எழுத்துகள் குவானின், குவானின், தைமின். இரண்டாவது குவானின் அடினினாக மாறினால், கிளைசின் இருந்த இடத்தில் அஸ்பார்டிக் அமிலம் வரும். இதற்கு ஜி12டி என்று பெயர். கணையப் புற்றுநோயில் அதிகம் காணப்படுவது இதுதான். முதல் குவானின் தைமினாக மாறினால் சிஸ்டீன் வரும். அது ஜி12சி. நுரையீரலில், குறிப்பாகப் புகைப்பவர்களின் நுரையீரலில், அதிகம் காணப்படுவது இது.

காரணம் புகையிலேயே இருக்கிறது. எரியும் புகையிலையிலிருந்து வரும் பென்சோபைரீன், உடலுக்குள் போய் உருமாறி, டிஎன்ஏவின் குவானினைப் பார்த்துப் பார்த்து ஒட்டிக்கொள்ளும். ஒட்டுப்போட்ட அந்த எழுத்தைச் செல்லின் நகலெடுக்கும் இயந்திரம் சரியாகப் படிக்க முடியாமல் தடுமாறும். அடுத்தடுத்த நகல்களில் குவானின் போய்த் தைமின் நிலைத்துவிடும். பீடியானாலும் சிகரெட்டானாலும் புகையின் கையெழுத்து பெரும்பாலும் இதுதான். புகையே பிடிக்காதவர்களுக்கு வரும் நுரையீரல் புற்றுநோயில் கே-ராஸ் பழுதானால், அங்கே ஜி12டி வகைதான் கூடுதலாகக் காணப்படுகிறது. டிஎன்ஏவைப் படித்தே, இது புகை எழுதியதா என்று ஓரளவு சொல்லிவிடலாம்.

எதிரி தெரியும், ஆயுதம் இல்லை

1990-களில் மருந்து நிறுவனங்களுக்கு ஒரு நல்ல யோசனை கிடைத்தது. ராஸ் புரதம் சவ்வில் ஒட்டினால்தானே வேலை செய்யும்? ஒட்ட உதவும் கொழுப்பு வாலைப் பொருத்துவது ஒரு நொதி. அந்த நொதியை முடக்கினால் போயிற்று. சுண்டெலிகளில் கட்டிகள் கரைந்தன. பெரும் பணம் கொட்டி, மனிதர்களிடம் சோதனை தொடங்கினார்கள். கணையப் புற்றுநோயாளிகளுக்கு எந்தப் பலனும் இல்லை.

சோதனைச் சாலையில் பெரும்பாலும் பயன்படுத்தப்பட்டது ஹெச்-ராஸ். முதலில் கிடைத்தது அதுதான் என்பதால் அதோடு வேலை செய்வது பழகிப்போயிருந்தது. நோயாளிகளின் உடலிலோ பெரும்பாலும் கே-ராஸ். ஒரு வாலை வெட்டினால் வேறொரு நொதியிடமிருந்து வேறொரு வாலை வாங்கி மாட்டிக்கொள்ளும் சாமர்த்தியம் கே-ராஸுக்கு உண்டு, ஹெச்-ராஸுக்கு இல்லை. உடன்பிறப்புகள்தானே, ஒன்றைப் படித்தால் மற்றொன்றும் தெரிந்துவிடும் என்று நினைத்ததன் விலை அது. இந்த மருந்துகளில் ஒன்றான லோனாஃபர்னிப், குழந்தைகளை அகால முதுமைக்குள் தள்ளும் புரோஜீரியா என்ற அரிய நோய்க்கு 2020 நவம்பரில் அனுமதி பெற்றது. புற்றுநோயில் தோற்ற மருந்து, இன்னொரு வீட்டுப் பிள்ளைகளுக்கு ஆயுளைக் கூட்டித்தர வந்து நின்றது.

கே-ராஸை நேரடியாகவே தாக்கினால் என்ன? அங்கேயும் சுவர். 2001-ல் வந்த இமாட்டினிப் என்ற ரத்தப் புற்றுநோய் மாத்திரை, தன் இலக்குப் புரதத்தின் குழிக்குள் புகுந்து உட்கார்ந்து வேலை செய்கிறது. கே-ராஸின் குழியிலோ மூன்று பாஸ்பேட் மூலக்கூறு பிடித்த பிடியை விடாது. செல்லுக்குள் அந்த மூலக்கூறுக்குப் பஞ்சமும் கிடையாது. எந்த மருந்தாலும் அதைத் தள்ளிவிட்டு உட்கார முடியாது. மற்றபடி புரதத்தின் மேற்பரப்பு கூழாங்கல் போல வழுவழுப்பு. பிடிமானமே இல்லை. ‘மருந்துக்கு மசியாத புரதம்’ என்று முத்திரை குத்திவிட்டார்கள். அப்படிச் சொன்னதைப் பலர் புரதத்தின் குணமாகவே எடுத்துக்கொண்டார்கள் என்பதுதான் அந்தக் காலத்தின் பெரிய தவறு என்று எனக்குத் தோன்றுகிறது. பிடிமானம் இல்லை என்பதற்கும் பிடிமானத்தை இன்னும் பார்க்கவில்லை என்பதற்கும் தூரம் அதிகம்.

அந்த வறண்ட காலத்திலும் கே-ராஸ் பற்றிய அறிவு ஒரு பெரிய நன்மையைச் செய்தது. முற்றிய பெருங்குடல் புற்றுநோய்க்குத் தரப்படும் செட்டுக்சிமாப் ஊசி, செல்லின் வெளியே உள்ள ஏற்பியை அடைக்கிறது. ஏற்பிக்குக் கீழே கே-ராஸே பழுதாகித் தானாக விசில் ஊதிக்கொண்டிருந்தால், மேலே அடைத்து என்ன பயன்? 2008-ல் வெளியான ஆய்வு அதை உறுதி செய்தது. கே-ராஸ் பழுதில்லாதவர்களின் ஆயுள், நடுப்புள்ளிக் கணக்கில், ஊசி போடாதவர்களுக்கு 4.8 மாதமாகவும் போட்டவர்களுக்கு 9.5 மாதமாகவும் இருந்தது. பழுதானவர்களுக்கு ஊசியால் பலனே இல்லை. முகமெல்லாம் பரு போன்ற தடிப்பும் செலவும்தான் மிச்சம். அதன் பிறகுதான், முதலில் மரபணுச் சோதனை, பிறகே ஊசி என்ற விதி உலகெங்கும் வந்தது.

கந்தகக் கொக்கி

2013-ல் இரண்டு விஷயங்கள் நடந்தன. அமெரிக்கத் தேசியப் புற்றுநோய் நிறுவனம், மேரிலாந்தின் ஃபிரெடெரிக் நகரிலுள்ள ஆய்வகத்தில் ராஸுக்கென்றே தனித் திட்டம் தொடங்கி, மெக்கார்மிக்கைத் தலைமைக்கு அழைத்தது. அதே ஆண்டு, சான் ஃபிரான்சிஸ்கோவில் கலிஃபோர்னியா பல்கலைக்கழகத்தின் கெவன் ஷோகாட்டும் அவருடைய மாணவர்களும் ‘நேச்சர்’ இதழில் ஒரு கட்டுரையை வெளியிட்டார்கள்.

ஷோகாட் பார்த்தது ஜி12சி வகையை மட்டும். அதில் 12-வது இடத்துக்கு வந்திருப்பது சிஸ்டீன். சிஸ்டீனில் ஒரு கந்தக அணு இருக்கிறது. மற்ற மூலக்கூறுகளோடு ஒட்டிக்கொள்ளத் துடிக்கும் அணு அது. பழுதில்லாத கே-ராஸில் அந்த இடத்தில் கந்தகம் கிடையாது. ஆக, கந்தகத்தைக் கொக்கியாகப் பயன்படுத்தினால் பழுதான புரதம் மட்டும் மாட்டும். நல்ல புரதம் தப்பிக்கும். 480 சிறு மூலக்கூறுகளை வரிசையாகச் சோதித்தார்கள். சில மாட்டின. மாட்டியதை எக்ஸ்-ரே படிக முறையில் படமெடுத்துப் பார்த்தபோது, அதுவரை எந்தப் படத்திலும் தெரியாத ஒரு குழி புரதத்தின் அடியில் திறந்திருந்தது. மருந்து வந்து தள்ளியபோதுதான் அந்தக் குழி வழிவிட்டது.

இன்னொரு வியப்பும் உண்டு. அந்த மூலக்கூறு கே-ராஸ் விசில் ஊதாமல் இருக்கும் வடிவத்தில் மட்டுமே மாட்டும். பழுதான கே-ராஸ் எப்போதும் ஊதிக்கொண்டேதான் இருக்கும் என்று எல்லோரும் நம்பியிருந்தார்கள். ஜி12சி வகை அவ்வப்போது தானாகவே பாஸ்பேட்டை வெட்டி, மூச்சு வாங்க நிற்கிறது என்று பின்னர் தெரிந்தது. அந்த மூச்சு வாங்கும் நேரத்தில்தான் மருந்து போய் வாயை அடைக்கிறது. புகை செய்த பழுதே மருந்துக்குக் கைப்பிடியானது.

அந்தக் குழியை ஆம்ஜென் நிறுவனம் இன்னும் நுணுக்கமாக ஆராய்ந்து உருவாக்கிய மாத்திரைதான் சோட்டோராசிப். தினமும் 960 மில்லிகிராம். வேறு சிகிச்சை பலிக்காத, ஜி12சி பழுதுள்ள நுரையீரல் புற்றுநோயாளிகளுக்கு 2021-ல் அனுமதி கிடைத்தது. 2022 டிசம்பரில் அடாக்ராசிப் என்ற இரண்டாவது மாத்திரை வந்தது.

பலன் எவ்வளவு? முதல் முக்கியச் சோதனையில், 124 பேரில் 37 சதவீதத்தினருக்குக் கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியது. நோய் மீண்டும் வளராமல் நின்ற காலம், நடுப்புள்ளிக் கணக்கில் 6.8 மாதம். பிறகு 345 பேரிடம், பழைய கீமோதெரபி மருந்தான டோசிடாக்செல்லோடு நேருக்கு நேர் ஒப்பிட்டார்கள். நோய் வளராத காலம் மாத்திரைக்கு 5.6 மாதம், கீமோவுக்கு 4.5 மாதம். ஒட்டுமொத்த ஆயுளில் வித்தியாசம் இல்லை. 2023 டிசம்பரில் முழு அனுமதி தர எஃப்டிஏ மறுத்து, மேலும் ஒரு சோதனை கேட்டது. அரை நூற்றாண்டுக் காத்திருப்புக்கு இது சின்னக் கூலிதான். ஆனாலும் திறக்கவே திறக்காது என்று எழுதி ஒட்டிய கதவு திறந்துவிட்டது. அதை நான் வெற்றி என்றே சொல்வேன். குணமாக்கிவிட்டது என்று யார் சொன்னாலும் நம்பாதீர்கள்.

மாத்திரை ஏன் சில மாதங்களில் தோற்கிறது? கட்டிக்குள் கோடிக்கணக்கான செல்கள். ஒரு வழி அடைபட்டால் வேறு வழி கண்டுபிடித்த செல் எங்கோ ஒரு மூலையில் இருக்கும். கே-ராஸிலேயே புதுப் பழுது ஏற்படும். அல்லது அதற்கு மேலும் கீழும் உள்ள புரதங்கள் சத்தத்தைக் கூட்டிக்கொள்ளும். பெருங்குடலில் ஏற்பியே மறுபடி விழித்துக்கொள்கிறது. அதனால்தான் அங்கே இரண்டு மருந்தையும் சேர்த்துத் தருகிறார்கள். சோட்டோராசிப்பும் ஏற்பியை அடைக்கும் பானிட்டுமுமாப் ஊசியும் சேர்ந்த சிகிச்சைக்கு 2025 ஜனவரியில் அனுமதி வந்தது. 2008-ல், கே-ராஸ் பழுதானவர்களுக்குப் பயனில்லை என்று ஒதுக்கிய ஊசி வகை, சரியான துணையோடு அவர்களிடமே திரும்பி வந்திருக்கிறது.

மிச்சமிருக்கும் பெரிய மலை கணையம். அங்கே அதிகமுள்ள ஜி12டி வகையில் கந்தகம் இல்லை, கொக்கி இல்லை. இதற்கு வழி காட்டியது மண். ஆப்பிரிக்காவின் மலாவி நாட்டு மண்ணில் கிடைத்த ஒரு பாக்டீரியா, சாங்லிஃபெரின் என்ற பொருளைச் சுரக்கிறது. அது செல்லுக்குள் ஏராளமாக இருக்கும் சைக்ளோஃபிலின் என்ற புரதத்தைப் போய்ப் பிடிக்கும். இதைப் பார்த்து ரெவல்யூஷன் மெடிசின்ஸ் நிறுவனம் வடிவமைத்த டாரக்சோன்ராசிப் மாத்திரை, முதலில் சைக்ளோஃபிலினைப் பிடித்து, இருவருமாகச் சேர்ந்து, ஊதிக்கொண்டிருக்கும் ராஸின் மேல் போய் அப்பிக்கொள்கிறது. ஜி12டி உட்படப் பல வகைப் பழுதுகளிலும் வேலை செய்யும்படி அமைத்திருக்கிறார்கள். கணையப் புற்றுநோயில் இதற்கு 2025-ல் ‘திருப்புமுனைச் சிகிச்சை’ என்ற தகுதியை எஃப்டிஏ அளித்தது. அந்தத் தகுதி பரிசீலனையை விரைவுபடுத்துவதற்கானது. பலன் நிரூபணமாகிவிட்டது என்று அதற்குப் பொருள் இல்லை.

நோயாளிகளின் வீட்டாருக்கு ஒரு வார்த்தை. அறிக்கையில் ‘கே-ராஸ் பழுது’ என்று பார்த்ததும், பிள்ளைகளுக்கும் வந்துவிடுமோ என்று பதறிப்போகிறார்கள். புற்றுநோயில் காணும் இந்தப் பழுது பெற்றோரிடமிருந்து வந்ததல்ல. பிள்ளைகளுக்குப் போவதும் அல்ல. வாழ்நாளில் ஏதோ ஒரு நாள், உடலின் ஏதோ ஒரு செல்லில் ஏற்பட்டது. பரம்பரையாக வரும் புற்றுநோய்க்குக் காரணமான மரபணுக்கள் வேறு. அவற்றுக்கான சோதனையும் வேறு.

பெருங்குடல் புற்றுநோய் பரவிவிட்டது என்று சொல்லி விலை உயர்ந்த ஊசி எழுதித் தரும்போது, “ராஸ் டெஸ்ட் ரிசல்ட் வந்துவிட்டதா டாக்டர்?” என்று தயங்காமல் கேளுங்கள். நுரையீரல் என்றால், ஈஜிஎஃப்ஆர் என்ற மரபணுவோடு கே-ராஸையும் சேர்த்துப் பார்த்தார்களா என்று கேளுங்கள். ஏற்கெனவே எடுத்த பயாப்சித் துண்டு மெழுகில் பதித்த பிளாக்காக மருத்துவமனையில் இருக்கும். பல நேரங்களில் இந்தச் சோதனைக்கு அதுவே போதும். இன்னொரு முறை கத்தி வைக்க வேண்டியதில்லை. வேறு மருத்துவமனைக்குப் போவதாக இருந்தால், டிஸ்சார்ஜ் சம்மரியோடு ஸ்லைடையும் பிளாக்கையும் கேட்டு வாங்கிக்கொண்டு புறப்படுங்கள்.